தங்கவயலுக்கு யார் மொய் வைக்கிறது?

பரீட்சை முடிந்த கையோடு எழுதணும் என்று வைத்திருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஹாஸ்டல் அறைத்தோழன் கோலார் தங்கவயல்காரன். கே.ஜி.எஃப். என்றதும் நம்ம ஆளுங்களுக்கு யாஷ் துப்பாக்கியோடு நிற்பதுதான் ஞாபகம் வருது. (அவனை யாராவது ராக்கி பாய் என்று கூப்பிட்டால் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டான்.) அவன் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். போன பொங்கல் லீவில் நாலு நாள் அவங்க வீட்டில் இருந்தேன். ஓட்டு வீடு கூட இல்லை, தகரம் போட்ட 'லைன்' வீடு. கதவைத் திறந்தால் எதிரே சயனைடு மேடு. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டின மண்தான், மலை மாதிரி நிற்குது. காற்றடித்தால் வீட்டுக்குள் தூசி.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு பக்கத்திலிருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், பூமிக்குள் இறங்கினார்கள். 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது இந்த ஊருக்குத்தான். பெங்களூருக்கே 1905ல்தான் தெருவிளக்கு! சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 1965ல் அந்தச் சுரங்கத்துக்குள் வைத்து விஞ்ஞானிகள் காற்றுமண்டல நியூட்ரினோவைக் கண்டுபிடித்தார்கள். மொத்தம் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தாச்சு. 2001 பிப்ரவரி 28ல் இழுத்து மூடினார்கள். இன்றைக்கு அந்த ஊர் ஜனங்கள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புறாங்க.

துருப்பிடித்து நிற்கிற அந்த இரும்புக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்: "தாத்தா, இதையெல்லாம் ஒரு மியூசியமா ஆக்கினா டூரிஸ்ட் வருவாங்கல்ல?"

தாத்தா சிரிச்சார். "எங்களையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்களா தம்பி? முதல்ல இந்த வீட்டுக்குப் பட்டா குடுக்கச் சொல்லு."

எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஆனாலும் ஊருக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். மியூசியம் வேண்டாம் என்று இப்பவும் எனக்குத் தோன்றவில்லை. எப்படிப் பணம் திரட்டுகிறோம், அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

முதலில் ஒரு தோற்ற கதை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று உருக்கு நகரம். ஆலைகள் படுத்த பிறகு ஊரைத் தூக்கி நிறுத்தப் போகிறோம் என்று 1.5 கோடி பவுண்டில் பாப் இசைக்கு ஒரு அருங்காட்சியகம் கட்டினார்கள். அதில் 1.1 கோடி லாட்டரி நிதி. வருஷத்துக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1999 மார்ச்சில் திறந்தது, 2000 ஜூனில் மூடியாச்சு. கட்டடம் இப்போது ஒரு பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்கு. கட்டறதுக்குப் பணம் கிடைச்சுது, தினசரி நடத்துறதுக்கு இல்லை. பி.காம். முதல் வருஷத்திலேயே மூலதனச் செலவு வேறு, நடப்புச் செலவு வேறு என்று தலையில் கொட்டிச் சொல்லித்தர்றாங்க. பெரிய பெரிய ஆளுங்களுக்கு அது மறந்துபோகுது.

ஜெயித்த கதை வேல்ஸில் இருக்கு. பிக் பிட் என்கிற நிலக்கரிச் சுரங்கம் 1980ல் மூடியது, 1983ல் மியூசியமாகத் திறந்தது. உள்ளே கூட்டிப் போகிற வழிகாட்டிகள் பழைய சுரங்கத் தொழிலாளிகள். ஹெல்மெட், விளக்கு கொடுத்து 90 மீட்டர் கீழே இறக்குறாங்க. 2001 ஏப்ரலில் அனுமதி இலவசம் ஆச்சு. அதாவது தங்கவயலை மூடி ரெண்டு மாசம் கூட ஆகாதபோது அங்கே கதவைத் திறந்து விட்டிருக்காங்க. தங்கவயலில் கீழே இறக்க முடியாது, பம்பு நின்ற பிறகு சுரங்கம் முழுக்கத் தண்ணீர். ஆனால் மேலே இருக்கிற கோபுரமும் பழைய கட்டடங்களும் போதும். அதைவிட முக்கியம், இறங்கின ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்காங்க. மூடி 24 வருஷத்துக்கு மேல் ஆச்சு. இன்னும் பத்து வருஷம் கழித்து ஆரம்பித்தால் கதை சொல்ல யார் இருப்பா?

சரி, பணம்? 2013 கம்பெனிச் சட்டம் 135வது பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். அந்தப் பட்டியலில் பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதும் இருக்கு. 1996ல் தொடங்கின தேசியப் பண்பாட்டு நிதியும் இருக்கு. சிக்கல் என்னவென்றால் கம்பெனிக்காரங்களுக்குக் கல்வெட்டில் பேர் போட ஆசை. கரண்ட் பில்லுக்கு எவனும் கல்வெட்டு வைக்க மாட்டான்.

இங்கேதான் எங்க ஊர்ப் புத்தியைக் கடன் கொடுக்கிறேன். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் ஆடி மாசம் வந்தால் மொய் விருந்து. கறிச்சோறு போட்டு, நோட்டுப் போட்டு எழுதி, ஒரே நாளில் லட்சக்கணக்கில் வரும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் வாங்கினவன் திருப்பிச் செய்யணும், கூடக் கொஞ்சம் வைத்துச் செய்யணும். செய்யாதவனை ஊர் சும்மா விடாது. வாங்கின காசைத் தின்று தீர்க்காமல் கிணறு வெட்டி, கடை வைத்துப் பிழைச்சவங்க எங்க தெருவிலேயே இருக்காங்க. கஜா புயலில் (2018) தென்னையெல்லாம் போன பிறகும் எங்க பக்கத்துப் பசங்க சொந்தக் காசு போட்டுக் குளம் தூர்வாரினது இந்தப் பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

அதே மாதிரி, வருகிற பணத்தைக் கட்டடத்தில் கொட்டாமல் நிதியாகப் போட்டு வையுங்கள். உதாரணத்துக்கு 10 கோடி, 6 சதவீத வட்டி என்றால் மாசம் 5 லட்சம். 15,000 சம்பளத்தில் தங்கவயல் ஆட்கள் 20 பேருக்கு 3 லட்சம் போக மீதி கரண்டுக்கும் மராமத்துக்கும். (விலைவாசி ஏறுமே என்று கேட்பீர்கள். சரிதான், வட்டியில் கொஞ்சத்தை முதலோடு சேர்க்கணும், அப்போ 10 கோடி பத்தாது.) நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் அந்த லைன் வீடுகளிலிருந்து வரணும். டிக்கெட் காசு எவ்வளவு வந்தது என்று மாசாமாசம் வாசலில் எழுதிப் போடணும், மொய் நோட்டு மாதிரி.

இன்னொன்று. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அந்த மண்மேடுகளில் மிச்சம் இருக்கிற தங்கத்தை எடுக்க ஒப்புதல் கொடுத்தது. அப்படி எடுத்தால் சுரங்கச் சட்டத்தின் 2015 திருத்தப்படி மாவட்டக் கனிம நிதிக்கு ஒரு பங்கு வரும். அதை மியூசியத்துக்குக் கேட்காதீர்கள் என்பேன். அது குடிதண்ணீருக்கும் நுரையீரல் வைத்தியத்துக்கும் போகட்டும். ரெண்டையும் ஒரே உண்டியலில் போட்டால் தாத்தா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

அறைத்தோழனிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "120 வருஷம் நாங்க மொய் வெச்சாச்சுடா. திருப்பிச் செய்ய வேண்டியவன் கிட்ட போய் வசூல் பண்ணு" என்றான். பட்டா விஷயத்தை ஏன் ஒரு பத்தி எழுதவில்லை என்று வேறு திட்டினான். அடுத்த பதிவில் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் :-)