கொவிட் போன பின்னும் களைப்பு நீங்காத ஊழியர்: எமது வர்த்தகர்களின் பொறுப்பு என்ன?

கொவிட்-19 தொடர்பான சர்வதேச அவசரநிலையை உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5ஆம் திகதி முடிவுக்குக் கொண்டுவந்தது. எமது நாட்டில் அதற்கு முன்னரே அந்த நோய் பற்றிய பேச்சு ஓய்ந்துவிட்டது. 2022இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் மருந்துத் தட்டுப்பாடும் வந்தன. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டும் நிலைக்கு வந்தது. அந்த அமளியில், காய்ச்சல் போன பின்னும் களைப்பு நீங்காமல் இருந்தவர்களைப் பற்றிக் கதைக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக அவர்களும் எழுந்து கடைக்கு வந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

விலைவாசி, வரி, டொலர் பெறுமதி என்று எழுத வேண்டிய பக்கத்தில் நோயைப் பற்றி ஏன் எழுதுகிறீர்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். லோங் கொவிட் என்று இன்று அழைக்கப்படும் இந்த நீண்டகாலக் கொவிட், வைத்தியசாலையில் மட்டும் தீர்கின்ற பிரச்சினையல்ல. ஒருவர் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் அவர் வேலை செய்யும் இடத்தில் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே இது முதலாளிமாருடன் பேச வேண்டிய விடயம்.

பழைய சோனகத் தெருவில் எனக்கு இரும்புச் சாமான் வியாபாரம். 2021 ஓகஸ்ட் மாதம், டெல்டா வகைத் தொற்று கொழும்பை உலுக்கிய நாட்களில் எனக்கும் நோய் கண்டது. வைத்தியசாலையில் தங்க வேண்டி வரவில்லை. இரண்டு வாரத்தில் காய்ச்சலும் இருமலும் போய்விட்டன. ஆனால் மேல் மாடிக்கு ஏறினால் நெஞ்சு படபடக்கும். கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கூட்டி முடிப்பதற்குள் மேலே என்ன தொகை இருந்தது என்பது மறந்துவிடும். இந்நிலை ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தது. சொந்தக் கடை என்பதால் காலையில் சரக்கு இறக்கும் வேலையைத் தம்பி ஏற்றுக்கொண்டார். நான் பத்து மணிக்கு வந்து லுஹருக்குப் பின் வீடு திரும்பினேன். இன்று பெரும்பாலும் தேறியிருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். அதற்கு அந்த ஏற்பாடுதான் முக்கிய காரணம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அதே காலத்தில், எமது பகுதியிலேயே இன்னொரு கடையில் சம்பளத்துக்கு நின்ற ஒரு சகோதரருக்கும் இதே நிலை ஏற்பட்டது. அவருக்கு நேரத்தைக் குறைக்க எவரும் முன்வரவில்லை. மூன்றாம் மாதம் "நீங்கள் வீட்டிலேயே இருந்து சுகமாக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதின்மூன்று வருடம் விற்பனையில் தேர்ந்த அவர் இன்று முச்சக்கர வண்டி ஓட்டுகிறார், அதுவும் உடம்பு இடம் கொடுக்கும் நாட்களில். நோய் ஒன்றுதான். இருவருக்கும் வித்தியாசம், வேலை நேரத்தைக் குறைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது மட்டுமே.

நோயின் தன்மை

2021 ஒக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்நோய்க்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. தொற்று ஏற்பட்டு மூன்று மாதமளவில் காணப்படும், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத உபாதைகளே லோங் கொவிட் எனப்படும். களைப்பு, மூச்சு வாங்குதல், ஞாபகக் குறைவு, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்பன இதில் அடங்கும். கொவிட் தொற்றியவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 6 பேரை இது பாதிக்கிறது என்பது அந்த ஸ்தாபனத்தின் மதிப்பீடு. ஆண்களை விடப் பெண்களிடம் இது அதிகம். எமது நாட்டில் உறுதிப்படுத்தப்பட்ட தொற்றாளர் தொகையே ஆறரை இலட்சத்தைத் தாண்டியது. பரிசோதிக்கப்படாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

முதலாளிமார் விசேடமாக விளங்கிக்கொள்ள வேண்டிய ஒரு குணம் இந்நோய்க்கு உண்டு. இந்நோயாளிகளில் பலருக்கு, அளவுக்கு மீறி உழைத்தால் அதன் விளைவு அன்றே தெரிவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்தே உடம்பு விழுகிறது. திங்கட்கிழமை லொறியில் சாமான் ஏற்றிய ஊழியர் புதன்கிழமை எழும்ப முடியாமல் கிடப்பார். திங்கட்கிழமை அவரைப் பார்த்த முதலாளி, "அன்று நன்றாகத்தானே நின்றார், இது சோம்பல்" என்று முடிவு செய்வார். எத்தனையோ நல்ல ஊழியர்களின் பெயர் இப்படித்தான் கெட்டது.

இதைத் தீர்க்கும் என்று நிரூபிக்கப்பட்ட தனி மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணியை வாங்குவதற்கு ஆயிரக்கணக்கில் சனம் திரண்டதை நாம் மறக்கவில்லை. அந்த வியாபாரம் வேறு வேறு பெயர்களில் இன்றும் நடக்கிறது. பணத்தை அதில் இறைப்பதற்கு முன், அரச வைத்தியசாலைக்குச் சென்று இரத்தச்சோகை, தைரொயிட், நீரிழிவு, இருதய நோய் போன்றவை இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்வதே அறிவு. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் தாமதிக்கக் கூடாது. அதன் பின் செய்ய வேண்டியது, சக்தியை அளந்து செலவழிப்பது. வேலைகளைத் திட்டமிட்டு, முக்கியமானதை முதலில் செய்து, களைப்பதற்கு முன்னரே ஓய்வெடுக்குமாறு உலக சுகாதார ஸ்தாபனத்தின் சுயபராமரிப்புக் கைநூல் சொல்கிறது. கையில் உள்ள காசுக்குள் கடை நடத்தும் வியாபாரிக்கு இதை விளக்கத் தேவையில்லை. இருப்பில் இல்லாததைச் செலவழித்தால் கடன்தான்.

சட்டம் தருவது ஏழு நாள்

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, வருடாந்த லீவு 14 நாட்களுக்குப் புறம்பாக, சுகவீனத்துக்கும் சொந்த அலுவல்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஏழு நாட்களே சம்பளத்துடன் கிடைக்கின்றன. மாதக் கணக்கில் நீடிக்கும் நோய்க்கு ஏழு நாள் எந்த மூலைக்குப் போதும்? மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளருக்கு அதுவும் இல்லை. வராத நாளுக்குக் கூலி இல்லை. வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும், பலகாரம் செய்து விற்கும் எமது தாய்மாரையும் சகோதரிகளையும் எந்தச் சட்டமும் எட்டிப் பார்ப்பதில்லை.

மற்ற நாடுகளில் இது பொருளாதாரப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது. பிரித்தானியாவில் 2023 மார்ச் மாதம் 19 இலட்சம் பேர் தமக்கு லோங் கொவிட் இருப்பதாகத் தெரிவித்தனர். இந்நோய் சட்டப்படி வலுவிழப்பாகக் கருதப்படலாம் என்று அமெரிக்க அரசாங்கம் 2021 ஜூலையில் அறிவித்தது. 2022இல் ஸ்கொட்லாந்தின் தொழில் நியாயசபையொன்று, வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு கட்டடப் பராமரிப்பாளரின் வழக்கில் அதே நிலைப்பாட்டை எடுத்தது. எமது சட்டம் அங்கு வந்து சேரும் வரை ஊழியர்கள் காத்திருக்க முடியாது. எமது கடைகளில் நாமே தொடங்கலாம்.

கடதாசி கேட்கும் முன்

உதவி கேட்டு வரும் ஊழியரிடம் முதலில் கேட்கப்படுவது பீ.சீ.ஆர். அறிக்கை. எமது சமூகத்தில் பலரிடம் அது இல்லை. ஏன் இல்லை என்பதை வெளியார் மறந்தாலும் நாம் மறக்கலாமா? 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட்டால் இறப்போரின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரி இறுதி வரை அது நீடித்தது. தம் ஜனாஸா எரிக்கப்படுமோ என்ற அச்சத்தில் எத்தனை பேர் காய்ச்சலை மறைத்து வீட்டுக்குள் கிடந்தார்கள் என்பதை ஒவ்வொரு மஹல்லாவும் அறியும். அதன்பின் ஓட்டமாவடி மஜ்மா நகரில் 3,600க்கும் அதிகமான உடல்கள் அடக்கப்பட்டன. கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை 2024 ஜூலையில் தீர்மானித்தது. அந்த அச்சத்தின் இன்னொரு மிச்சம்தான் இந்த இல்லாத கடதாசி.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரைவிலக்கணம், உறுதிப்படுத்தப்பட்ட தொற்றை மட்டுமன்றி, இருந்திருக்கக்கூடிய தொற்றையும் ஏற்றுக்கொள்கிறது. வைத்தியர் ஒருவர் பரிசோதித்து எழுதும் கடிதம் போதுமானது. அதற்கு மேல் கேட்பது, அன்று பயந்தவரை இன்று இரண்டாம் முறை தண்டிப்பதாகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தருமத்தைப் பேசினால் வியாபாரி இரக்கப்படுவார், கணக்கைக் காட்டினால் ஏற்றுக்கொள்வார். ஒரு விற்பனையாளரின் மாதச் சம்பளம் 60,000 ரூபா என வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் அரைநேர வேலைக்கு முழுச் சம்பளம் கொடுத்தால், வேலை பெறாமல் கொடுக்கும் தொகை 90,000 ரூபா. அவரை அனுப்பிவிட்டுப் புதியவரை எடுத்தால்? எந்த ஊர்க் கடைக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், யாருடைய காசோலை திரும்பி வரும், எந்த வாடிக்கையாளருக்கு எந்தச் சரக்கு பிடிக்கும் என்பதெல்லாம் பழைய ஊழியரின் தலைக்குள் இருக்கிறது. ஒரேயொரு காசோலை திரும்பினாலே 90,000 ரூபா போய்விடும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. முதல் மூன்று மாதங்களுக்கு வேலை நேரத்தைப் பாதியாக்கி, மாதமொரு முறை ஊழியருடன் பேசிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கூட்டியபின் உடம்பு விழுந்தால் பழைய நேரத்துக்குத் திரும்ப இடமளிக்க வேண்டும். பாரம் தூக்குவதையும் மாடியேறுவதையும் நிறுத்தி, பில் எழுதுதல், போனில் ஓடர் எடுத்தல் போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். ஞாபகக் குறைவு உள்ளவருக்கு வேலையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்கலாம். இவற்றை இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒரு தாளில் எழுதிக்கொண்டால், ஏமாற்றுவார்கள் என்ற பயமும் குறையும்.

சிறிய கடைக்கு 90,000 ரூபாவும் பாரம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தானே வர்த்தக சங்கங்கள் இருக்கின்றன. ஒரு வீதியில் 200 கடைகள் மாதம் 500 ரூபா வீதம் போட்டால் ஓர் இலட்சம் சேரும். லோங் கொவிட்டுக்கு மட்டுமல்ல, பாரிசவாதம், சத்திரசிகிச்சை என்று எந்த நீண்ட நோயிலிருந்து மீள்பவருக்கும் அது கைகொடுக்கும். ஊழியருக்குரிய சம்பளத்தை ஸகாத் கணக்கில் எழுத முடியாது என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் வேலை இழந்து கடனில் விழுந்தவர், ஏழைகளுக்கும் கடன்பட்டவர்களுக்கும் உரிய பங்கைப் பெறத் தகுதியானவர்தானா என்பதைப் பள்ளிவாசல் ஸகாத் குழுக்கள் உலமாக்களுடன் கலந்து பார்க்க வேண்டும். உலருணவுப் பொதியை வீடு வீடாகக் கொண்டுபோன குழுக்களுக்கு இந்த வீடுகளின் விலாசமும் தெரியும்.

இன்னொன்று, நோயாளிகள் ஒருவரையொருவர் அறிய வேண்டும். லோங் கொவிட் என்ற பெயரையே 2020 மே மாதம் வைத்தவர், தாமும் நோயுற்றிருந்த எலிசா பெரேகோ என்ற இத்தாலிய தொல்லியலாளர். வைத்தியத் துறை பெயர் வைக்கும் முன் நோயாளிகள் தமக்குள் பேசி அதைக் கண்டுகொண்டார்கள். எனக்கும் முதல் தைரியம் தந்தவர், அதே உபாதைகளோடு இருந்த ஒரு புடவைக்கடைக்காரர். "எனக்கும் இப்படித்தான், எட்டாம் மாதம் கொஞ்சம் இலேசானது" என்று அவர் சொன்ன வார்த்தையில்தான் அன்றிரவு நான் தூங்கினேன்.

நின்று தொழ முடியாதவர் அமர்ந்து தொழலாம், நோன்பு நோற்க முடியாத நோயாளி பின்னர் கழாச் செய்யலாம் என்று மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. எமது பள்ளிவாசல்களில் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கதிரைகள் போடப்பட்டுள்ளன. அதில் அமர்ந்து தொழுபவரை எவரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. அல்லாஹ்வின் கடமையிலேயே இந்த இடம் இருக்கும்போது, எமது கவுண்டருக்குப் பின்னால் ஒரு கதிரையும் அரைநாள் வேலையும் கொடுக்க முடியாது என்று சொல்வதற்கு எம்மிடம் என்ன நியாயம் இருக்கிறது? வரும் மாதாந்தக் கூட்டங்களில் வர்த்தக சங்கத் தலைவர்கள் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கட்டும். தேறி வரும் ஊழியர் கடைக்குப் பாரமல்ல என்பதை நாம் நடத்திக் காட்டலாம், இன்ஷா அல்லாஹ்.