பூங்காவின் சாவி யாரிடம்?

செவ்வாய்ப்பேட்டையிலே வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் தோழர் காலையிலே குனிகிறார். விளக்கு வைத்த பிறகே நிமிருகிறார். நெருப்பின் வெக்கை முகத்திலே, அமிலத்தின் நெடி மூக்கிலே. லீ பஜாரிலே மூட்டை சுமக்கும் தோழரோ தோளைத் தடவியபடி வீடு திரும்புகிறார். வீடு என்றா சொன்னோம்? ஒரே அறை! அதிலேதான் அடுப்பு, அதிலேதான் தொட்டில், அதிலேதான் முதியவரின் இருமல். இவர் மாலையிலே ஒரு மணி நேரம் காலை நீட்டிக் காற்று வாங்க எங்கே போவது? தேநீர்க் கடைப் பெஞ்சு உண்டு; கோப்பை காலியானால் எழுந்து கொள்ள வேண்டும்.

பூங்கா எதற்கு, பொழுதுபோக்கு எதற்கு, முதலில் சாலையைப் போடட்டும் என்று பேசுகிற கனவான்களுக்கு வீட்டிலேயே தோட்டம் இருக்கிறது. ஏழைக்கு ஊரார் தோட்டம்தான் தோட்டம்.

அந்தத் தோட்டம் எப்படிப் பாழாகிறது? பல ஊர்களிலே பார்த்திருக்கிறோம். முதலிலே தண்ணீர் விடுவது நிற்கும். பிறகு விளக்கு அணையும். ஊஞ்சலின் சங்கிலி அறும்; கழிப்பறைக் கதவு காணாமற் போகும். புதர் மண்டும், புட்டிகள் உருளும். 'கண்டவர்கள் கூடுகிறார்கள்' என்று பூட்டுப் போடுவார்கள். பூட்டிய சில ஆண்டுகளிலே, 'சும்மா கிடக்கும் நிலந்தானே' என்று ஒரு குரல் எழும். அந்தக் குரல்தான் ஆபத்து!

சென்னையைப் பாருங்கள். 1859-ல் கவர்னராக வந்த டிரெவெலியன் காலத்திலே உருவானது மக்கள் பூங்கா. பரப்பு 116 ஏக்கர். 1900-ல் அதிலே மூர் மார்க்கெட் எழுந்தது. 1913-ல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. விளையாட்டரங்கம் வந்தது, இரயில் நிலையமும் கை நீட்டிற்று. மாநகராட்சிக்கு மாளிகை வேண்டாமா, விளையாட அரங்கம் வேண்டாமா என்றால், வேண்டியவைதாம். எல்லாம் வேண்டியவையாகவே வந்தன. பூங்காதான் வேண்டாததாகப் போயிற்று. இன்று அங்கே மிஞ்சியிருப்பது சிறு துண்டு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்த வெளிகளைக் காக்கவென்றே 1959-ல் இங்கே சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் அவற்றுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசு அனுமதியின்றி வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. துப்புரவாகவும் வைத்திருக்க வேண்டும். பெங்களூரிலே பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மருத்துவமனை என்ற நல்ல பெயரைச் சொல்லியும் நடக்கவில்லை!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மவர்களுக்குச் சற்றே கசக்கும். புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, பளிங்கும் நீரூற்றும் வைத்து, வாசலிலே சீட்டுக் கிழிக்கும் பழக்கம் பரவி வருகிறது. 2024 அக்டோபரில் சென்னைக் கதீட்ரல் சாலையிலே திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா அழகுதான். அரசு நிலத்தை மீட்டு அமைத்ததும் பாராட்டத் தக்கதுதான். ஆனால் திறந்தபோதே நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50. தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் போனால் 300 ரூபாய்! மூட்டைத் தொழிலாளி எத்தனை மூட்டை தூக்க வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 1949 செப்டம்பரிலே இராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையிலே, கழகத்தின் முதல் பொதுக்கூட்டத்துக்குத் திரண்டவர்கள் சீட்டு வாங்கியா நுழைந்தார்கள்?

நம் சேலத்திலே முடியாத காரியமல்ல இது. கழிவு சேர்ந்து கிடந்த மூக்கனேரியை 2010-ல் ஊர்மக்கள் கைகொடுத்துத் தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணிலே திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். பறவைகள் வந்து சேர்ந்தன.

செவ்வாய்ப்பேட்டைத் தொழிலாளி கேட்பது நீரூற்று அல்ல. வேலை முடிந்து வருகிற நேரத்திலே திறந்திருக்கும் வாசல். எட்டு மணிக்கே விசிலடித்து விரட்டாத காவலர். வெளிச்சமான விளக்கு, குடிநீர். வீட்டிலே உட்கார்ந்து கொலுசு கோக்கும் தாய்மார்கள் பிள்ளைகளோடு வர, தண்ணீர் வரும் கழிப்பறை. ஒரு மூலையிலே படிப்பகம். முன்பு நகராட்சிப் பூங்காக்களிலே மாலை வேளையில் வானொலி முழங்கும். செய்தி கேட்கவே கூட்டம் கூடும். அந்த இடத்திலே இன்று நான்கு நாளேடுகள் போட்டாலும் போதும்.

பகுதி சபை கூடுகிற நாளிலே தோழர்கள் சும்மா போய்க் கையெழுத்துப் போட்டுத் திரும்பக் கூடாது. 1959 சட்டப்படியான பட்டியலைக் கேளுங்கள். நம் பேட்டையிலும் சுற்றுப் பகுதியிலும் அதிலே ஏறியுள்ள இடம் எது, ஏறாமல் விடுபட்டது எது, பராமரிப்புக்குச் சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, பூட்டின் சாவி எந்த அதிகாரியின் மேசையிலே இருக்கிறது என்று கேளுங்கள். பதிலை எழுத்திலே வாங்குங்கள், நமக்கு அனுப்புங்கள். வந்தது வந்தபடி வெளியிடுகிறோம்.