துண்டைக் கட்டி எட்டு வருஷம்



சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளில் முப்பது வருஷம் பாரம் ஏற்றியவன் நான். ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம் வந்தது. படுத்தால் உள்ளே போகும், இருமினால் எட்டிப் பார்க்கும். 'அண்டவாயு, பூண்டு தின்னு' என்றார் எங்கள் மேஸ்திரி. வாயுவுமில்லை, ஒன்றுமில்லை. வயிற்றுச் சுவர் நலிந்த இடத்தில் குடல் பிதுங்குவதுதான் குடலிறக்கம். மருந்து மாத்திரைக்குப் போகாது.

வெட்கப்பட்டுத் துண்டை இறுக்கிக் கட்டியே எட்டு வருஷம் ஓட்டினேன். ஒருநாள் சங்ககிரியில் லோடு ஏற்றும்போது வீக்கம் கல்லாகிவிட்டது. அமுக்கினாலும் உள்ளே போகவில்லை. உயிர்போகும் வலி, வாந்தி, காற்றுகூடப் பிரியவில்லை. குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்குமாம். சேலம் பெரியாஸ்பத்திரியில் அன்றிரவே ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள்.

வீக்கம் வந்த எல்லோரையும் உடனே அறுக்க வேண்டியதில்லை. தொந்தரவு தராததைக் கண்காணித்தே வரலாம் என்று டாக்டரே சொன்னார். ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல. பெண்களுக்குத் தொடை மேல்பக்கம் வந்தால் தாமதமே கூடாதாம்.

ஒரு கேள்வி. ஆண் தொழிலாளி சுமக்க 55 கிலோவே உச்சம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. எங்கள் மூட்டை எப்போது இளைக்கும்?

— ஓய்வுபெற்ற சுமைத் தொழிலாளி, ராசிபுரம்