குழாய்க்கும் முகவரி வேண்டும்: ஏதிலிக் குடும்பங்களுக்கான கல்வி, தொழில், குடிநீர்த் திட்டங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

சென்னைத் துறைமுகத்தை ஒட்டி ராஜாஜி சாலையில் நீளும் பர்மா பஜாரை இன்று யாரும் அகதிகள் கடைத்தெரு என்று சொல்வதில்லை. பர்மிய நூடுல்ஸான அத்தோ வடசென்னையின் சாயங்காலத் தீனியாகிவிட்டது. எண்ணூரில் பர்மா நகர் என்பது ஓர் ஊர்ப்பெயர், அவ்வளவுதான். 1962இல் நே வின்னின் ராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையானபோது, ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இதே துறைமுகத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் மற்ற எவரையும் போல வாக்களிக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், வீட்டுவரி கட்டுகிறார்கள். அவர்களுக்குப் பின் வந்து, நாற்பது ஆண்டு கடந்தும் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாமிலேயே இருக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏன் அப்படி நடக்கவில்லை? எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. சட்டப்படி நிற்க இடமில்லாத குடும்பத்துக்குக் கொடுக்கும் படிப்பும் தையல் மெஷினும் தண்ணீர்த் தொட்டியும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர். ஆவணம் பெற்றுத் தரும் வேலையைத் தன்னுள் கொண்டிராத எந்த ஆதரவுத் திட்டத்தையும் இனி முழுமையானதாக நாங்கள் ஏற்பதில்லை. எங்களுடைய திட்டங்களும் இதற்கு விலக்கல்ல.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அரிசியும் கூரையும் மட்டும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்யத் தேவையில்லை. அந்தக் கதையும் நடந்தது. இங்கே காலூன்ற முடியாத ஒரு கூட்டம் மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று வடகிழக்கு நோக்கிக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேவில் தங்கிவிட்டது. அங்கே இன்றும் தமிழ் பேசும் தெருக்கள் இருக்கின்றன. சென்னையிலேயே தங்கியவர்களுக்குக் கிடைத்தது வேறு வகை உதவி. அவர்கள் தாயகம் திரும்பியோராகப் பதிவு செய்யப்பட்டார்கள். ஆகவே அவர்கள் கையில் இருந்த காகிதம் எந்த அலுவலகத்திலும் செல்லுபடியானது. ராஜாஜி சாலையில் கடை போட இடம் கிடைத்தது. 1969இல் மத்திய அரசு இவர்களுக்கும் இலங்கையிலிருந்து திரும்பியோருக்கும் என்றே கூட்டுறவு அமைப்பாக ஒரு வங்கியைத் தொடங்கியது. அதுதான் இன்றைய ரெப்கோ வங்கி. கடன், கடை, காகிதம் மூன்றும் ஒருசேரக் கிடைத்ததால்தான் அந்த மக்கள் ஒரு தலைமுறைக்குள் உதவி பெறுவோர் பட்டியலிலிருந்து வெளியேறினார்கள். எல்லாம் பொன்னாக முடிந்ததென்று நாங்கள் சொல்லவில்லை. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களுக்காக 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், வேலையையும் குடியிருப்பையும் ஒரே முதலாளியிடம் முடிச்சுப் போட்டன. இன்று அவற்றை நடத்தும் டான்டீ நிறுவனம் நட்டத்தில் தள்ளாடும்போது அந்தக் குடும்பங்களின் லயன் வீடும் சேர்ந்தே ஆடுகிறது. கையில் காகிதம் இருந்தும், நிற்க ஒரே ஒரு கால்தான் கொடுத்திருந்தார்கள்.

முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழர் நிலை, தாயகம் திரும்பியோர் நிலைக்கு நேர்மாறு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பல அலைகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குப்படி 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வாழும் ‘வெளிப்பதிவு’க் குடும்பங்கள் தனி. அப்போது வெளியான நலத்திட்ட அறிவிப்பில் 317 கோடியே 40 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 231 கோடியே 54 லட்சம் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்தெழுந்ததை அறிந்தவர்கள் இதைச் சிறிய செய்தி என்று சொல்ல மாட்டார்கள். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என உயர்ந்தது. அதாவது இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மாதம் 3,500 ரூபாய். மாநில அரசால் செய்யக்கூடியதில் பெரும்பகுதியை அது செய்திருக்கிறது என்பதே எங்கள் மதிப்பீடு. அதனால்தான் மிச்சமிருப்பது எது என்பது இப்போது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

கல்வியை எடுத்துக்கொள்வோம். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் முகாம்களின் மீது கதவு சாத்தப்பட்டது. பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை தடைபட்டது, தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைய முடியவில்லை. அந்தக் கதவு மெல்லத் திறந்தபோது, 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்றவை அதனுள் மாலைநேர வகுப்புகளையும் கல்லூரிப் படிப்புக்கான உதவியையும் கொண்டுவந்தன. இன்று முகாம்களில் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு நடப்பதைத் திட்ட அறிக்கைகள் எழுதுவதில்லை. குடியுரிமை கேட்கும் அரசு வேலைத் தேர்வு எதையும் எழுத முடியாது. பாஸ்போர்ட் கிடையாது, ஆகவே வெளிநாட்டு வேலையும் கிடையாது. தனியார் நிறுவனத்தில் ஆவணச் சரிபார்ப்பு என்ற சொல் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. படித்தவரும் படிக்காதவரும் கடைசியில் ஏறுவது அதே பெயின்டிங் சாரத்தில்தான். தமிழ்நாட்டின் புதுக் கட்டடங்களுக்கு வண்ணம் அடித்த கைகளில் முகாம் கைகள் எத்தனை என்று யாராவது எண்ணினால் நன்றாயிருக்கும். பத்தாம் வகுப்பில் பிள்ளை படிப்பை நிறுத்தும்போது ‘ஆர்வமில்லை’ என்று எழுதுகிறோம். அண்ணனின் பட்டம் அலமாரியில் கிடப்பதைப் பார்த்து அந்தப் பிள்ளை போட்ட கணக்கு ஆர்வமின்மை அல்ல, அது சரியான கணக்கு. டியூஷன் மையத்தை இன்னும் இரண்டு மணி நேரம் நீட்டி அந்தக் கணக்கை மாற்ற முடியாது.

தொழில் விஷயத்திலும் இதே சுவர்தான். கும்மிடிப்பூண்டி முகாம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு அருகில் இருக்கிறது. மணலி முதல் எண்ணூர் வரை தொழிற்சாலைகள். வேலை இல்லாத நிலப்பகுதி அல்ல இது. கிடைப்பதோ ஒப்பந்தக்காரர் வழியாக வரும் நாள்கூலி. தொலைவில் போய்த் தங்கி வேலை செய்தால் முகாமில் தலை எண்ணும் நாளுக்குத் திரும்பியாக வேண்டும். தவறினால் பணக்கொடை போகும், பதிவும் கேள்விக்குள்ளாகும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முகாம்களிலும் நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் குழுக்கடனுக்கு மேலே ஒரு படி, கடை பிடிக்கவோ வண்டி வாங்கவோ வங்கியிடம் போனால், ஈடு வைக்க நிலமில்லை. வெளிநாட்டவர் என்பதால் நிலம் வாங்கும் வழியும் இல்லை. 1969இல் பர்மாக்காரருக்கு ஒரு வங்கியே கட்டிக் கொடுத்த அதே நகரத்தில் இது நடக்கிறது.

குடிநீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் நேரத்தை ஒதுக்குவது தண்ணீர்தான். எந்நேரம் லாரி வரும் என்று தெரியாத தெருவில் பெண்கள் முழுநேர வேலைக்குப் போக முடியாது. ஒரு பிள்ளை குடத்தோடு வரிசையில் நிற்கும். புழல் காவாங்கரை முகாம் இருப்பது 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் புழல் ஏரியின் பக்கத்தில். 19ஆம் நூற்றாண்டிலிருந்து சென்னை குடித்துவரும் தண்ணீர் அது. 2019 கோடையில் அந்த ஏரி வறண்டபோது நகரம் முழுவதும் குடத்தோடு நின்றதையும் மறக்க வேண்டாம். வடக்கே மீஞ்சூர்ப் படுகையில் பல பத்தாண்டுகளாக அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல் உள்ளே வந்துவிட்டது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. அப்படியிருந்தும் எண்ணூரின் குப்பங்களில் நிலத்தடி நீரை வாயில் வைக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலைக் கடற்குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா, பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் மக்களை வீதிக்கு ஓட வைத்தது. இங்கே குடிநீர்ப் பிரச்சினை முகாமுக்கு மட்டும் உரியதல்ல. குடிநீர் வாரியத்தின் வீட்டு இணைப்பு சொத்துவரிக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. புறம்போக்கில் குடிசை போட்ட இந்தியக் குடிமகனுக்கும் முகாமில் இருக்கும் ஏதிலிக்கும் அந்தக் கணக்கு இல்லை. ஆகவே இருவருக்கும் தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிதான் கதி. தொட்டியை நன்கொடையாகக் கொடுப்பது சுலபம். திறப்புவிழாப் படமும் நன்றாக வரும். யார் பெயரில் இணைப்பு, மோட்டார் பழுதானால் யார் பொறுப்பு, கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டால் பதில் வராது.

“எங்கள் பிள்ளைகளுக்கே இல்லாதபோது அவர்களுக்கு எதற்கு?” என்ற கேள்வியைத் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்க நாங்கள் தயாரில்லை. நாட்டின் சாம்பலையும் புகையையும் வாங்கிக்கொண்ட பகுதி, தனக்கு வரவேண்டியதைக் கேட்பது நியாயம். முகாம் வேலிக்குள் மட்டும் செய்யும் உதவி இந்தக் கேள்விக்குத் தூபம் போடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். வேலிக்கு இருபுறமும் இருப்பது ஒரே ஆவணச் சிக்கல் என்பதால் தீர்வும் ஒன்றாகவே இருக்க முடியும். வரிக்கணக்கு இல்லாத குடியிருப்புக்கும் வீட்டு இணைப்பு தரும் விதி வந்தால் முகாமைவிட அதிகம் பயன்பெறுவது குப்பத்துக் குடும்பங்கள்தான்.

பர்மாவிலிருந்து வந்தவர்கள் இந்தியர், இவர்கள் வெளிநாட்டவர் என்பது வலுவான வாதம். ஆனால் பாதி உண்மை. முகாம்களில் இருப்போரில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். இவர்களின் முன்னோர் இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதியது. அந்த வரிசையில் இடம்பெற்றிருக்க வேண்டிய குடும்பங்கள் கலவரத்தில் படகேறி வந்ததால் தாயகம் திரும்பியோர் ஆகாமல் அகதிகள் ஆனார்கள். இவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இன்னொரு பகுதியினர் இங்கேயே பிறந்தவர்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் பிறப்பால் இந்தியக் குடிமகன் என்பது நம் குடியுரிமைச் சட்டம். அதன்படி ஒரே முகாமில் 1986இல் பிறந்த அக்கா இந்தியர், 1988இல் பிறந்த தம்பி வெளிநாட்டவர். அப்படிப்பட்ட அக்காவுக்குக்கூட, வழக்குப் போட்டால்தான் பாஸ்போர்ட் என்பதை 2022இல் பார்த்தோம். சட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்டதைக் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஒரு வக்கீலும் ஒரு பிறப்புச் சான்றிதழும் போதும். இதைக் கருணை என்று யாரும் அழைக்க வேண்டியதில்லை.

இந்தியா தர்மசத்திரமல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதே நாடு திபெத்தியர்களுக்கு 2014இல் தனி மறுவாழ்வுக் கொள்கை வகுத்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு நீண்டகால விசா கொடுத்து, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், குடியிருக்க ஒரு வீடு வாங்கும் உரிமை எல்லாம் தந்தது. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. வரவேற்கிறோம். தண்டிக்க மாட்டோம் என்பது ஒன்று, தங்கலாம் என்பது இன்னொன்று. இடையே இருப்பது ஒரே ஒரு அரசாணை. பிடிமானம் கொடுத்தால் ஊர் திரும்ப மாட்டார்கள் என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. பிறப்புப் பதிவும் படிப்புச் சான்றும் கைத்தொழிலும் உள்ள குடும்பம்தான் யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ போய் மறுபடி தொடங்க முடியும். வெறுங்கையோடு இருப்பவருக்கு முகாமை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

ஆகவே மத்திய அரசிடம் நாங்கள் கேட்பது, 2015 ஜனவரி 9 என்ற அதே நாளை வைத்து நீண்டகால விசா. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்களையும் இந்திய வம்சாவளியினரையும் அடையாளம் காண ஒவ்வொருவரையும் நீதிமன்றத்துக்கு அலைக்கழிக்காமல், மாவட்ட ஆட்சியர் மட்டத்தில் சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டும். மாநில அரசிடமும் குடிநீர் வாரியத்திடமும் கேட்பது, புதிய முகாம் வீடுகளுக்கும் பக்கத்துப் புறம்போக்குத் தெருக்களுக்கும் ஒரே விதியில், குடும்பத்தின் பெயரிலேயே இணைப்பு. நன்கொடையாளர்கள் தையல் மெஷின்களை எண்ணுவதை விட்டு, எத்தனை பேர் மூன்று ஆண்டு கழித்தும் அதே தொழிலில் இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். மியான்மரிலிருந்து வந்து கேளம்பாக்கம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் பத்தாண்டுக்கு மேலாகத் தங்கியிருக்கும் ரோஹிங்யாக் குடும்பங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்றே கருதுகிறோம். பர்மா நகர் என்று ஊருக்குப் பெயர் வைத்த பகுதியினர் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. எங்கள் பங்குக்கு, இனி நடத்தும் மாலை வகுப்புகள் எல்லாம் முகாம் வாசலுக்கு வெளியே, தெருப் பிள்ளைகளும் வந்து உட்காரும் இடத்தில் நடக்கும். முகாம் ஆவணங்களை ஏற்பதாக முன்கூட்டியே எழுதித் தரும் நிறுவனங்களுக்கான பயிற்சிகளை மட்டும் நடத்துவோம். ஒவ்வொரு வகுப்பறைக்குப் பக்கத்திலும் பிறப்புப் பதிவுக்கும் விண்ணப்பங்களுக்கும் ஒரு மேசை இருக்கும். பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இல்லாத தண்ணீர்த் தொட்டிக்கு எங்கள் பெயரை எழுத விட மாட்டோம்.