அளந்த பிறகு பேசுவோம்



வினாடிக்கு 100 மெகாபிட் வேகம் என்று கூறித்தான் எங்கள் இல்லத்திற்கு இணைய இணைப்புத் தந்தார்கள். ஒருநாள் என் மகள், “வாப்பா, 30தான் காட்டுகிறது” என்று கைப்பேசியை நீட்டினாள். மாதந்தோறும் பணம் பெற்றுக்கொண்டு ஏமாற்றுகிறார்களே எனச் சினந்து, இணைப்புத் தந்த இளைஞரைத் தொலைபேசியில் கடிந்துகொண்டேன். அவர் வந்தார். மறுமொழி ஏதும் கூறாமல், தம் மடிக்கணினியைக் கேபிள் மூலம் ரவுட்டரோடு இணைத்து அளந்து காட்டினார். 94! தரவுடன் சேர்ந்து செல்லும் முகவரிக் குறிப்புகளுக்குரிய சிறு பங்கு போக, அது முழு வேகமே. குறை, மகளின் அறைக்கும் ரவுட்டருக்கும் இடையே நின்ற இரண்டு சுவர்களில் இருந்தது. நான் வெட்கிப் போனேன்.

வைஃபை வழியே அளந்தால், இணைப்பின் வேகத்தோடு வீட்டுச் சுவர்களையும் சேர்த்தே அளக்கிறோம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. ஆனால் சுவரைக் கடக்கையில் மெலிந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும், வேகம் குறைவு. ஆகவே கேபிள் மூலமே அளக்க வேண்டும். அவ்வேளை வீட்டின் ஏனைய கருவிகள் இணையத்தைப் பயன்படுத்தலாகாது. காலை, மாலை, இரவு என மூவேளையும் சில நாள்கள் அளந்து, நேரத்துடன் குறித்து வைத்தல் நலம். இரவில் பலரும் பயன்படுத்துவதால் வேகம் குறையக்கூடும்.

கேபிளும் சில வேளை நம்மை ஏமாற்றும். 300 மெகாபிட் இணைப்புக்குப் பணம் செலுத்தியும் அளவு 95ஐத் தாண்டவே இல்லையெனில், பழைய கேபிளோ, 100க்கு மேல் ஏற்காத கருவியோ காரணமாகலாம்.

மற்றொரு குழப்பமும் உண்டு. வேகத்தை மெகாபிட்டில் கூறுவர். கோப்பின் அளவையோ மெகாபைட்டில் கூறுவர். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்டே. 750 மெகாபைட் கோப்பு வந்து சேர ஒரு நிமிடமாகும். இதனை அறியாதோர், திரையில் 12 என்று கண்டதும் ஏமாந்தோம் எனக் கலங்குவர்.

இவ்வாறெல்லாம் அளந்த பின்னரும் வேகம் குறைவாகவே இருப்பின், குறித்து வைத்த பட்டியலோடு முறையிடுங்கள். அது உங்கள் உரிமை.

அன்று அவ்விளைஞரிடம் வருத்தம் தெரிவித்தேன். அவர் புன்னகைத்து, ரவுட்டரைக் கூடத்தின் நடுவே உயரமான இடத்திற்கு மாற்றித் தந்துவிட்டுச் சென்றார். அளக்காமல் பேசிய சொல்லைத்தான் என்னால் திரும்பப் பெற இயலவில்லை.