மன்னரின் கண்ணீர் நீதியாகாது

கொலை செய்து அரியணை ஏறிய மன்னன், அவன் உறக்கத்தைக் கெடுக்கும் ஆவிகள், இறுதியில் பித்தும் மரணமும். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டும் மேக்பெத்தும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவர்களே. ரிச்சர்டின் கதையை 1962இல் ரோஜர் கார்மன் ‘டவர் ஆஃப் லண்டன்’ என்ற பேய்ப்படமாகவே எடுத்தார். கொன்றவனை அவனது மனசாட்சியே தண்டித்துவிட்டது என்ற நிறைவோடு பார்வையாளர் வீடு திரும்புகிறார். இந்த நிறைவு ஆளும் வர்க்கத்துக்கு மிகவும் வசதியானது.

சிலப்பதிகாரம் அந்த வசதியைத் தருவதில்லை. பிழையை உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறந்தான் என்பது உண்மை. ஆனால் அவன் மனசாட்சி தானாக விழித்துக்கொள்ளவில்லை. கண்ணகி சான்றோடு அவைக்கு வந்து வழக்குரைத்த பிறகே விழித்தது.

வழக்குரைக்க ஆளில்லாதபோது மன்னனின் வருத்தம் என்னவாகும் என்பதற்கு அசோகர் சான்று. சந்தோஷ் சிவனின் ‘அசோகா’ 2001இல் வெளிவந்தது. அஜித் நடித்திருந்ததால் தமிழிலும் பேசப்பட்டது. கலிங்கப் போரை அந்தப் படம் ஒரு காதல் துயரமாகச் சுருக்குகிறது. கடற்கரை வணிகமும் தெற்கு நோக்கிய வழிகளுமே போரின் காரணங்கள் என வரலாற்றாய்வாளர்கள் சுட்டியவை அதில் இடம்பெறவில்லை. மன்னன் மனம் உடைகிறான், படம் முடிகிறது.

கல்வெட்டு அதற்குப் பிறகும் பேசுகிறது. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று 13ஆம் பாறைக் கல்வெட்டில் அசோகரே அறிவித்து வருந்துகிறார். கடத்தப்பட்டோரை விடுவித்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. அதே கல்வெட்டு காட்டுவாழ் மக்களுக்கு, வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என்று எச்சரிக்கவும் செய்கிறது. இன்று பாகிஸ்தானில் உள்ள ஷாபாஸ்கர்கியில் பொறிக்கப்பட்ட இந்த வருத்தம், கலிங்க மண்ணின் தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்படவில்லை. அவ்விடங்களில் வேறு இரு கல்வெட்டுகளே உள்ளன. யாருக்குத் தீங்கு இழைக்கப்பட்டதோ, அவர்களிடம் அந்த வருத்தம் சொல்லப்படவே இல்லை!

விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ (2004) மேக்பெத்தை நம் மும்பையின் நிழலுலகுக்குக் கொண்டு வந்தது. தலைவனைக் கொன்ற மக்பூலும் நிம்மியும் குருதிக் கறை கண்ணை விட்டு அகலாமல் சிதைகிறார்கள். ஆனால் இப்படம் மற்றொன்றையும் காட்டுகிறது. மூலத்தில் ஆரூடம் சொல்லும் சூனியக்காரிகளின் இடத்தில் இங்கே இரண்டு காவல் அதிகாரிகள். ஓம் பூரியும் நஸீருத்தீன் ஷாவும் நடித்த அவ்விருவரும் அதிகாரச் சமநிலை பேசி, ஒருவனை வளர்த்து மற்றொருவனை வீழ்த்துகிறார்கள். அரசர்கள் மாறி மாறி மடிகிறார்கள். அரசு இயந்திரத்தை எந்த ஆவியும் அண்டுவதில்லை.

மும்பைத் தோழர்களுக்கு இது வெறும் கதையல்ல. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்நகரில் 900 பேர் கொல்லப்பட்டனர். மசூதி இடிப்பைக் கொண்டாடித் தாராவியில் சைக்கிள் ஊர்வலம் நடந்ததையும் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்துள்ளது. இங்கே வழக்குரைக்க ஆளில்லாமல் போகவில்லை. உறவுகளை இழந்தவர்கள் ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார்கள். 1998இல் அளிக்கப்பட்ட அறிக்கை காவல்துறையினர் 31 பேரைக் குற்றம்சாட்டியது. அன்றைய சிவசேனை - பாஜக அரசு அதன் முக்கிய முடிவுகளை ஏற்க மறுத்தது. நிறைவேற்றுவோம் என்று வாக்களித்து வந்த காங்கிரஸ் கூட்டணி அரசும் அதைக் கிடப்பில் போட்டது. 1993 மார்ச் குண்டுவெடிப்பு வழக்கில் 100 பேர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். கலவர வழக்குகளிலோ தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலரே. யாருடைய உறக்கமும் கெட்டதாகத் தெரியவில்லை.

அரசு ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் ஒரு தொடர் உண்டு: ‘வருந்தத்தக்க நிகழ்வுகள் நேர்ந்தன’. அதில் எழுவாயாகக் கொன்றவர் வருவதே இல்லை. அந்த எழுவாயை எழுதச் செய்வதுதான் அரசியல் பணி.

ஆள்வோரின் மனசாட்சி உறுத்தும் என்று காத்திருப்பது நம் வேலையல்ல. அறிக்கை இருக்கிறது, சாட்சியங்கள் இருக்கின்றன, அவற்றைச் சொன்ன குடும்பங்கள் இன்றும் நம் பகுதிகளில் வாழ்கின்றன. புதிய தலைமுறைத் தோழர்கள் அந்த அறிக்கையைக் கிளைக் கூட்டங்களில் படிக்கட்டும். அதன் பரிந்துரைகளை நிறைவேற்றுமாறு அரசை வலியுறுத்தட்டும். கண்ணகி ஒரு சிலம்போடு அவையேறினாள். நம் கையில் ஓர் அறிக்கையே இருக்கிறது.