நியூட்ரலில் இறங்கும் புத்திசாலிகள்

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது காரை நியூட்ரலில் போட்டுவிட்டு "பெட்ரோல் மிச்சம்" என்று பெருமைப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு!

இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்சன் காரில், இறக்கத்தில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்தே ஆகவேண்டும். ஆக மிச்சமும் இல்லை, பாரம் முழுக்க பிரேக் தலையில். அது சூடேறிப் பிடிக்காமல் போனால்?

மிச்சம் பிடிக்க ஆசையா? டயரில் காற்றைப் பாருங்கள். நீண்ட சிக்னலில் எஞ்சினை ஆஃப் பண்ணுங்கள். சமவெளியில் பறக்காதீர்கள். மலையில் மட்டும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பின் சீட்டில் குடும்பம் இருக்கிறது!